கன்னக்கோலும் காலண்டரும்

2003ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம். பெல்ஜியத்தின் ஆன்ட்வெர்ப் நகரில் வைர வணிகர்கள் தொழில் நடத்தும் பகுதியில் வைர மையம் என்றொரு கட்டடம் இருக்கிறது. அதன் பெட்டக அறை தரைக்குக் கீழே இரண்டு தளம் இறங்கினால் வரும். அந்த அறைக்குள் பட்டப்பகலில் ஓர் இத்தாலியர் நுழைந்தார். அங்கிருந்த 189 பெட்டகங்களில் ஒன்று அவர் வாடகைக்கு எடுத்தது. அதே கட்டடத்தில் அவருக்கு அலுவலகமும் இருந்தது. காவலர்களுக்கு அவர் பழகிய முகம். உள்ளே தனியாக நின்ற சிறிது நேரத்தில், பெண்கள் கூந்தல் கலையாமல் இருக்க அடித்துக்கொள்ளும் ஸ்பிரே டப்பாவை எடுத்து, உடல் சூட்டையும் அசைவையும் உணரும் கருவியின் முகத்தில் மெல்லிய படலமாக அடித்தார். பிறகு வந்த வழியே மேலே ஏறித் தெருவுக்குப் போய்விட்டார்.

அந்த வார இறுதியில் அவருடைய கூட்டாளிகள் இருட்டில் அதே அறைக்கு வந்தார்கள். திங்கள்கிழமை காலையில் காவலர்கள் இறங்கிப் பார்த்தபோது நூற்றுக்கும் மேற்பட்ட பெட்டகங்கள் திறந்து கிடந்தன. அவசரத்தில் சிதறிய கற்களும் நகைகளும் காகிதங்களும் தரையெல்லாம் கிடந்தன. போன பொருளின் மதிப்பு 10 கோடி டாலருக்கு மேல் என்று கணக்கிட்டார்கள்.

இந்தக் கொள்ளையைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லோரும் கருவிகளைத்தான் வியக்கிறார்கள். வியக்கத்தக்கவைதான். எஃகுக் கதவில் பத்துக் கோடி எண் சேர்க்கைகள் கொண்ட பூட்டும், அதோடு ஒரு நீளமான சாவியும் உண்டு. கதவைத் திறந்தால் இரண்டு காந்தத் தகடுகள் விலகி எச்சரிக்கை மணி அடிக்கும். உள்ளே வெளிச்சம் பட்டால் ஒரு கருவி விழித்துக்கொள்ளும், ஆள் அசைந்தால் இன்னொன்று. திருடர்கள் காந்தத் தகடுகளை ஓர் அலுமினியப் பட்டையில் சேர்த்துப் பிடித்து, பிரியாமல் அப்படியே கழற்றி ஓரமாக வைத்தார்கள். வெளிச்சம் உணரும் கருவியின் மேல் பிசின் பட்டையை ஒட்டினார்கள். அசைவுக் கருவியின் முன்னால் தெர்மோகோலை நிறுத்தினார்கள். சாவிக்கு அதிகம் பாடுபட வேண்டியிருக்கவில்லை. அது பக்கத்தில் இருந்த சாமான் அறையிலேயே இருந்தது.

எனக்கு இந்தக் கதையில் பெரிதாகத் தெரிவது அந்த இத்தாலியர் கட்டிய வாடகைதான். லியோனார்டோ நோட்டார்பார்டோலோ என்ற அவர், டூரின் நகரத்து நகை வணிகர் என்று சொல்லிக்கொண்டு, இரண்டு ஆண்டுகளுக்கும் மேலாக அந்தக் கட்டடத்தில் மாதாமாதம் வாடகை கட்டினார். வந்தார், போனார், வணக்கம் சொன்னார், காபி குடித்தார். எந்தக் கதவு எந்த நேரத்தில் பூட்டப்படும், எந்தக் காவலர் எதைச் சரிபார்ப்பார், எதைச் சரிபார்க்காமல் விடுவார் என்பதெல்லாம் அவருக்குப் பாடமாகிவிட்டது. சாவி சாமான் அறையில் இருக்கும் என்பதை எந்தக் கருவியாலும் கண்டுபிடிக்க முடியாது. அதைத் தெரிந்துகொள்ள அங்கே வாழ்ந்திருக்க வேண்டும். ஸ்பிரே அடித்தது சில நொடி வேலை. அதை அடிக்கும் தூரத்துக்குப் போய் நிற்கத்தான் இத்தனை காலம் பிடித்தது.

திருட்டின் இலக்கணத்தை நம் மொழி வெகுகாலத்துக்கு முன்பே எழுதி வைத்திருக்கிறது. சிலப்பதிகாரத்தின் கொலைக்களக் காதையில், கோவலனைப் பிடிக்க வந்த காவலர்கள் அவன் முகத்தைப் பார்த்துத் தயங்குகிறார்கள். இவன் கொலைக்குரியவன் அல்லன் என்கிறார்கள். அப்போது பொற்கொல்லன் சிரித்தபடி அவர்களுக்குக் களவைப் பற்றி ஒரு பாடமே நடத்துகிறான். மந்திரம், தெய்வம், மருந்து, நிமித்தம், தந்திரம், இடன், காலம், கருவி என்று எட்டுத் துணை திருடர்களுக்கு உண்டு என்று சொல்லி, ஒவ்வொன்றையும் விளக்குகிறான். ஒரு சம்பவமும் சொல்கிறான். பகலில் தூதன் வேடத்தில் அரண்மனை வாயிலில் உட்கார்ந்திருந்த ஒருவன், இரவில் பெண் வேடத்தில் உள்ளே புகுந்து, விளக்கு நிழலில் நடுங்காமல் நடந்து, உறங்கிக்கொண்டிருந்த இளவரசனின் கழுத்து ஆரத்தைக் கழற்றினானாம். காவலர்கள் வாயடைத்துக் கேட்கிறார்கள். அரசியின் சிலம்பைத் திருடியவன் பாடம் நடத்துகிற இந்தப் பொற்கொல்லன்தான் என்பது அவர்களுக்குத் தெரியாது. அரண்மனைக்கு நகை செய்கிறவனை யார் சந்தேகிப்பார்கள்?

எட்டில் முதல் நான்கை விட்டுவிடலாம். தந்திரம், இடன், காலம், கருவி ஆகிய நான்கும் இன்றைக்கும் அப்படியே பொருந்துகின்றன. இவற்றில் கருவியைக் கடைசியில் வைத்திருப்பது தற்செயல் என்று நான் நினைக்கவில்லை.

தந்திரம் என்பதில் பெரும்பங்கு வேடம். அதிலும் நல்ல வேடம் என்பது கண்ணில் பட்டும் மனத்தில் படாத வேடம். 1911 ஆகஸ்ட் 21, திங்கள்கிழமை. பாரிஸ் லூவ்ர் அருங்காட்சியகத்துக்குத் திங்கள்தோறும் விடுமுறை. வின்சென்ஸோ பெருஜா என்ற இத்தாலியத் தொழிலாளி, அங்கே ஊழியர்கள் அணியும் வெள்ளை மேலங்கியோடு மோனாலிசா மாட்டியிருந்த கூடத்துக்குள் நடந்தார். அந்த ஓவியத்துக்குக் கண்ணாடிப் பெட்டி பொருத்திய நிறுவனத்தில் வேலை செய்தவர் அவர். எந்தக் கொக்கியில் தொங்குகிறது, சட்டகத்திலிருந்து எப்படிக் கழலும் என்பது அவர் கைக்கே தெரியும். படத்தை எடுத்து, ஒதுக்குப்புறமான படிக்கட்டுக்குப் போய், சட்டகத்தையும் கண்ணாடியையும் அங்கேயே விட்டார். கீழே கதவு பூட்டியிருந்தது. திருகிக் கைப்பிடியைக் கழற்றியும் திறக்கவில்லை. அந்த வழியாக வந்த குழாய்த் தொழிலாளி ஒருவர், யாரோ சக ஊழியர் மாட்டிக்கொண்டு நிற்கிறார் என்று நினைத்துத் தன் சாவியால் திறந்துவிட்டார்.

சுவர் காலியாக இருந்ததைப் பார்த்தவர்கள் அன்றைக்கு இல்லாமல் இல்லை. படமெடுப்பதற்காகப் புகைப்படக்காரர்கள் கொண்டுபோயிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டார்கள், ஏனென்றால் அப்படிக் கொண்டுபோவது அங்கே வழக்கம். மறுநாள் ஓவியர் ஒருவர் வந்து எங்கே அந்தப் படம் என்று விடாமல் கேட்ட பிறகுதான் அது காணாமல் போன விஷயமே வெளியே வந்தது. கண்ணாடியில் பெருவிரல் ரேகை கிடைத்தது. பெருஜாவின் ரேகை போலீசாரிடம் முன்பே இருந்தது. ஆனால் பதிவில் இருந்தது வலது பெருவிரல், கண்ணாடியில் இருந்தது இடது. இரண்டு ஆண்டுகளுக்கு மேல் அந்த ஓவியம் அவருடைய சிறிய வாடகை அறையில், பெட்டியின் கள்ள அடித்தட்டில் கிடந்தது.

வெள்ளை மேலங்கி ஒரு வகை என்றால் போலீஸ் உடுப்பு இன்னொரு வகை. அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் இசபெல்லா ஸ்டூவர்ட் கார்ட்னர் அருங்காட்சியகம் இருக்கிறது. 1990 மார்ச் 18 பின்னிரவு 1.24 மணிக்கு இரண்டு பேர் போலீஸ் உடுப்பில் வந்து அழைப்பு மணியை அழுத்தினார்கள். சத்தம் கேட்டதாகப் புகார் வந்திருக்கிறது என்றார்கள். முந்தைய நாள் செயின்ட் பேட்ரிக் திருநாள். ஊரே கொண்டாட்டத்தில் இருந்ததால் அந்தப் பேச்சு நம்பும்படி இருந்தது. இளைஞரான காவலர் கதவைத் திறந்தார். உன் மேல் பிடிவாரண்ட் இருக்கிறது, மேசையை விட்டு இந்தப் பக்கம் வா என்றார்கள். அவர் எழுந்து வந்தார். வெளியே தகவல் சொல்லக்கூடிய ஒரே ஆபத்துப் பொத்தான் அந்த மேசைக்கு அடியில்தான் இருந்தது. அவருக்கும் இன்னொரு காவலருக்கும் கைவிலங்கு மாட்டி, நிலவறையில் கட்டிப்போட்டுவிட்டு, 81 நிமிடம் நிதானமாக வேலை செய்தார்கள். வெர்மீர், ரெம்பிராண்ட் ஓவியங்கள் உட்பட 13 கலைப்பொருட்கள் போயின. சிலவற்றைச் சட்டகத்திலிருந்து கத்தியால் அறுத்தெடுத்தார்கள். ரெம்பிராண்ட் வரைந்த ஒரே கடல் காட்சி அப்படித்தான் அறுபட்டது. இதைப் படித்த நாளிலிருந்து இந்தத் திருடர்கள் மேல் எனக்குத் துளி வியப்பும் வந்ததில்லை.

அந்தக் காவலரைக் குறைசொல்லுமுன் நம் வீட்டு வாசலை நினைத்துப் பார்க்கலாம். தோளில் பையும் கையில் கருவியுமாக ஒருவர் மின் கணக்கெடுக்க வந்தேன் என்றால், அடையாள அட்டையை யார் கேட்கிறார்கள்? கதவைத் திறந்து மீட்டர் இருக்கும் இடத்தைக் கைகாட்டிவிட்டு நாம் அடுப்பைப் பார்க்கப் போய்விடுகிறோம். எதிரே வரும் எல்லோரையும் சந்தேகித்துக்கொண்டு ஒரு ஊர் வாழ முடியாது. திருடன் கைவைப்பது அந்த நம்பிக்கையில்தான்.

இனி காலம். இந்தப் பட்டியலில் உள்ள தேதிகளைப் பார்த்துக்கொண்டே வந்தால் ஒன்று புலப்படும். லூவ்ரில் விடுமுறைத் திங்கள், ஆன்ட்வெர்ப்பில் வார இறுதி, பாஸ்டனில் திருநாள் இரவு. கன்னக்கோலைக் கையில் எடுக்கும் முன் திருடன் பார்ப்பது காலண்டரைத்தான்.

பிரேசில் நாட்டின் ஃபோர்ட்டலேசா நகரில் 2005 ஆகஸ்டில் நடந்த மத்திய வங்கிக் கொள்ளை இதற்குச் சரியான எடுத்துக்காட்டு. வங்கிக்கு அருகே ஒரு வீட்டை வாடகைக்குப் பிடித்து, செயற்கைப் புல்லும் செடிகொடிகளும் விற்கும் கடை என்று பலகை மாட்டினார்கள். மூன்று மாதம் அந்த வீட்டிலிருந்து வேன் வேனாக மண் வெளியே போனது. அக்கம்பக்கத்தார் அத்தனை பேரும் அதைப் பார்த்தார்கள். தோட்ட வேலைக்காரர்கள் மண் ஏற்றுவதில் என்ன விந்தை? அந்த மண் சாலைக்கு அடியில் ஓடிய ஒரு சுரங்கத்தின் மண். ஏறத்தாழ 80 மீட்டர் நீளம். மேலே சரியாமல் இருக்கப் பலகை அடைத்து, மின்விளக்கும் காற்றோட்டமும் வைத்திருந்தார்கள். ஆகஸ்ட் 6, சனிக்கிழமை. இரும்புக் கம்பி வைத்து ஒரு மீட்டருக்கு மேல் கனமாகப் போட்டிருந்த பெட்டக அறையின் தரையைத் துளைத்து ஏறினார்கள். 16 கோடியே 40 லட்சம் ரியாலுக்கு மேல், மூன்றரை டன் எடையுள்ள நோட்டுகள். வங்கி திங்கள்கிழமை திறந்தபோதுதான் தெரிந்தது. அவர்கள் எடுத்தவை புழக்கத்திலிருந்து திரும்பிய பழைய நோட்டுகள், எண் வரிசை இல்லாதவை. அந்த அறையில் எந்த நோட்டு எங்கே இருக்கிறது என்று யாரோ சொல்லாமல் இது நடந்திருக்கும் என்று நான் நம்பவில்லை.

லண்டனில் ஹாட்டன் கார்டன் என்ற நகைக்கடைப் பகுதி. 2015ஆம் ஆண்டு ஈஸ்டரையொட்டி நான்கு நாள் தொடர் விடுமுறை. கன்னம் வைத்தவர்களில் பெரும்பாலோர் அறுபதையும் எழுபதையும் கடந்தவர்கள். மூத்தவருக்கு வயது 76. மின்தூக்கிக் குழி வழியாக இறங்கி, அரை மீட்டர் கனமுள்ள கான்கிரீட் சுவரில் வைரமுனைத் துளைக்கருவியால் அடுத்தடுத்து மூன்று துளை போட்டார்கள். நடுவில் எச்சரிக்கை மணி போய்ச் சேர்ந்தது. போலீஸ் தரப்பில் ஆள் அனுப்பத் தேவையில்லை என்று குறித்துக்கொண்டார்கள். கட்டடத்தின் பாதுகாவலர் வந்து, கதவு உடையாமல் இருப்பதை வெளியிலிருந்து பார்த்துவிட்டுத் திரும்பிவிட்டார். உள்ளே பெட்டக அலமாரியை நகர்த்தும் கருவி பழுதானது. கும்பல் வெளியேறி, புதிய கருவி வாங்கிக்கொண்டு, மறுநாள் இரவு மீண்டும் வந்து வேலையை முடித்தது. ஒரு நாள் விடுமுறை என்றால் அவர்கள் வெறுங்கையோடு போயிருப்பார்கள். நான்கு நாள் விடுமுறை அவர்களுக்கு இரண்டாவது வாய்ப்பைக் கொடுத்தது.

இங்கே மதுரைக் காஞ்சியை நினைக்காமல் இருக்க முடியவில்லை. அந்தப் பாட்டில் நள்ளிரவு மதுரையில் திரியும் கள்வர்களின் சித்திரம் ஒன்று வருகிறது. இருட்டோடு இருட்டாகக் கலக்கும் நீல நிறக் கச்சை, காலில் செருப்பு, கல்லையும் மரத்தையும் துண்டாக்கும் வாள், நிலம் அகழும் உளி, இடுப்பைச் சுற்றி மெல்லிய நூலேணி. கொள்ளைக் கருவிகளின் முழுப் பட்டியல். ஆனால் புலவர் அதோடு நிறுத்தவில்லை. அவர்களைத் தேடித் திரியும் ஊர்காப்பாளர்களையும் உடனே காட்டுகிறார். தேரோடும் தெருவில் வெள்ளம் திரண்டு ஓடும் மழை நடுநிசியிலும் சோம்பாமல் எழுந்து வருகிறவர்கள், யானையைப் பார்க்கும் புலி போலத் தூங்காத கண்ணர்கள், நூல்வழி பிழையாத தேர்ச்சி உடையவர்கள் என்கிறார். மழை பெய்கிறதே, இன்றைக்கு யார் வரப்போகிறார்கள் என்று காவலன் படுத்துவிடுகிற இரவுதான் கள்ளனுடைய இரவு. சங்கப் புலவருக்கு அது தெரிந்திருக்கிறது.

நூலேணி இன்னும் ஓய்வு பெறவில்லை. 2025 அக்டோபர் 19, ஞாயிற்றுக்கிழமை காலை, பாரிஸ் மாநகரில் மாடி வீடுகளுக்குச் சாமான் ஏற்றப் பயன்படும் ஏணி வண்டி ஒன்று லூவ்ரின் சுவரோரம் வந்து நின்றது. வேலையாட்கள் போடும் பளிச்சென்ற மேற்சட்டை அணிந்த இருவர் அதில் ஏறி, பால்கனி வழியாக அப்போலோ கூடத்துக்குள் புகுந்து, அறுப்பு எந்திரத்தால் கண்ணாடிப் பேழைகளை அறுத்தார்கள். வந்து போனதெல்லாம் எட்டு நிமிடத்துக்குள். எட்டு அரச நகைகள், மதிப்பு 8 கோடியே 80 லட்சம் யூரோ. ஓடும்போது பேரரசி யூஜெனியின் மகுடத்தைக் கீழே நழுவவிட்டுப் போனார்கள். அந்தப் பக்கத்து வெளிச்சுவரில் இருந்த கேமரா, பால்கனி தெரியாத திசையைப் பார்த்துக்கொண்டிருந்தது என்று அருங்காட்சியகத்தின் தலைவரே நாடாளுமன்றத்தில் ஒப்புக்கொண்டார். 1911இல் வெள்ளை மேலங்கி, 2025இல் மஞ்சள் மேற்சட்டை.

நம் ஊர்க் கதைகளிலும் இதே சூத்திரங்கள்தான். 2016 ஆகஸ்ட் 8 இரவு சேலத்திலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட ரயிலில், ரிசர்வ் வங்கிக்குப் போகவேண்டிய பழைய நோட்டுகள் 342 கோடி ரூபாய், 226 மரப்பெட்டிகளில் இருந்தன. ஆயுதம் தாங்கிய போலீசார் அடுத்த பெட்டியில் இருந்தார்கள். காலையில் எழும்பூரில் திறந்தபோது கூரையில் ஓர் ஆள் நுழையும் அளவுக்கு ஓட்டை. 5 கோடியே 78 லட்சத்தைக் காணவில்லை. ஓடும் ரயிலின் கூரையில் ஒருவன் உட்கார்ந்து தகட்டை வெட்டுவது எப்படி என்று நாடே கேட்டது. பதில் தண்டவாளத்துக்கு மேலே இருந்தது. விருத்தாசலத்திலிருந்து சென்னை வரை 25,000 வோல்ட் மின்கம்பி. அதன் அடியில் கூரையில் ஏறி வேலை செய்ய நினைத்தால் உயிர் மிஞ்சாது. சேலத்திலிருந்து விருத்தாசலம் வரை அப்போது டீசல் என்ஜின்தான், மேலே கம்பி கிடையாது. இரண்டு ஆண்டு தேடி மத்தியப் பிரதேசத்துக் கும்பல் ஒன்றைப் பிடித்த சிபிசிஐடி, ஓட்டை போட்டது சின்னசேலத்துக்கும் விருத்தாசலத்துக்கும் இடையில் என்றது. பொற்கொல்லன் சொன்ன இடனும் காலமும் ஒரே ரயில் பாதையில் சேர்ந்து அமைந்த துண்டு அது.

2019 அக்டோபர் 2, காந்தி ஜெயந்தி விடியற்காலையில் திருச்சி சத்திரம் பேருந்து நிலையத்தை ஒட்டிய லலிதா ஜுவல்லரியின் பின்சுவரில் கன்னம் வைத்தார்கள். பக்கத்தில் பள்ளி வளாகம். விடுமுறை என்பதால் அங்கே ஆள் நடமாட்டம் இல்லை. முகத்துக்கு விலங்கு முகமூடி, கைக்கு உறை, மோப்ப நாயை ஏமாற்ற மிளகாய்ப்பொடி. ஏறத்தாழ 13 கோடி ரூபாய் நகையோடு வந்த ஓட்டை வழியே போய்விட்டார்கள். அடுத்த நாளே திருவாரூரில் வழக்கமான வாகனச் சோதனையில் ஒருவர் நகைப் பெட்டியோடு சிக்கினார். நகைகளில் தொங்கிய பார்கோடு அட்டையை அவர்கள் பிய்த்துப் போடவில்லை. எந்தக் கடைச் சரக்கு என்று கேட்கவே தேவையில்லாமல் போனது.

திருடர்கள் எங்கே சறுக்குகிறார்கள் என்பதும் இதிலேயே இருக்கிறது. கட்டடத்துக்குள் நடக்கவேண்டியதற்கு மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் ஒத்திகை பார்க்கிறார்கள். வெளியே வந்த பிறகான வாழ்க்கைக்கு ஒத்திகை கிடையாது. ஆன்ட்வெர்ப்பில் எல்லாம் சரியாக நடந்தது. ஊருக்குத் திரும்பும் வழியில், கூட்டாளி ஒருவர் பதற்றத்தில் குப்பைப் பையை நெடுஞ்சாலை ஓரத் தோப்பில் வீசினார். அந்த நிலத்துக்காரர், தன் இடத்தில் யாராவது குப்பை போட்டால் விடாமல் போலீசைக் கூப்பிடுகிறவர். பையில் வைர மையத்தின் உறைகள் இருந்தன. கிழித்துப்போட்ட ரசீதுகளும், பாதி தின்ற சாண்ட்விச்சும் இருந்தன. நோட்டார்பார்டோலோவுக்குப் பத்தாண்டுச் சிறை. வைரங்களில் பெரும்பகுதி இன்றுவரை கிடைக்கவில்லை. ஹாட்டன் கார்டன் முதியவர்கள் சொந்தக் காரில் போய் நோட்டம் பார்த்ததில் மாட்டினார்கள். போலீசார் காரில் ஒட்டுக்கேட்கும் கருவி வைக்க, அவர்கள் பேசிய பெருமையே வாக்குமூலம் ஆனது. ஃபோர்ட்டலேசா கும்பலைச் சேர்ந்தவர்களை மற்றக் கும்பல்கள் துரத்தின. முக்கியப் புள்ளியாகக் கருதப்பட்ட ஒருவரைக் கடத்தி, பணயத்தொகை கட்டிய பிறகும் கொன்றுவிட்டார்கள். சேலம் ரயில் பணத்துக்கு வந்தது வேறு விதமான முடிவு. சரியாக மூன்று மாதம் கழித்து, நவம்பர் 8 இரவு, 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்ற அறிவிப்பு வந்தது. கும்பல் செலவழிக்காமல் வைத்திருந்த நோட்டுகள் பயனற்றுப் போனதாக விசாரணையில் தெரிந்தது.

பெருஜாவும் விற்கப் போய்த்தான் பிடிபட்டார். 1913 டிசம்பரில் ஃபிளாரன்ஸ் நகரத்துக் கலைப்பொருள் வணிகர் ஒருவரிடம் ஓவியத்தைக் கொண்டுபோனார். உலகத்துக்கே தெரிந்த முகத்தை யாரால் வாங்கி மாட்ட முடியும்?

பலநாள் திருடன் ஒருநாள் அகப்படுவான் என்று சொல்லி ஆறுதல் அடைகிறோம். கார்ட்னர் அருங்காட்சியகத்தில் ஒரு கோடி டாலர் பரிசு அறிவித்தும் 13 பொருளில் ஒன்றுகூடத் திரும்பவில்லை. எதையும் இடம் மாற்றக் கூடாது என்று நிறுவியவர் உயில் எழுதியிருப்பதால், ஓவியம் இல்லாத வெறும் சட்டகங்கள் அதே சுவரில் இன்னும் தொங்குகின்றன.

இதையெல்லாம்விட என்னை உறுத்துவது, கொள்ளை என்ற சொல்லைக்கூட நாம் அதிகம் பயன்படுத்தாத ஒரு களவு. அரியலூர் மாவட்டத்தில் ஸ்ரீபுரந்தான் என்ற சிற்றூர். அங்கே சோழர் காலத்துப் பிரகதீஸ்வரர் கோயில். வழிபாடு நின்று, கதவு பூட்டிக் கிடந்த கோயில். உள்ளே நடராசர் உட்பட எட்டு ஐம்பொன் திருமேனிகள். இங்கே கன்னக்கோலுக்கு வேலை இல்லை, லேசர் இல்லை, எச்சரிக்கை மணியும் இல்லை. ஆண்டு முழுக்க விடுமுறையாக இருக்கும் இடத்தில் காலண்டரும் பார்க்கத் தேவையில்லை. 2006 வாக்கில் ஒவ்வொன்றாகச் சிலைகள் வெளியேறின.

மற்றக் கொள்ளைகளில் திருடர்கள் தடுமாறும் கட்டம், அதாவது விற்கும் கட்டம், இதில்தான் மிகத் திறமையாக நடந்தது. புதிதாக வார்த்த கைவினைப் பொருட்களோடு கலந்து, கைவினைப் பொருள் என்றே சான்று பெற்று, கப்பலில் ஏற்றினார்கள். நியூயார்க்கில் சுபாஷ் கபூர் என்ற கலைப்பொருள் வணிகர் வாங்கிக்கொண்டார். பழம்பொருள் ஏற்றுமதியைத் தடுக்கும் 1972ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு முன்பே இந்தியாவை விட்டுப் போனதாகக் காட்டும் போலி ஆவணங்கள் தயாராயின. சிலையைக் கடத்தியது கப்பல் என்றாலும், அதைக் கழுவிச் சுத்தமாக்கியது அந்தக் காகிதம். 2008 பிப்ரவரியில் கான்பெராவிலுள்ள ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடம் அந்த நடராசரை ஏறத்தாழ 50 லட்சம் அமெரிக்க டாலர் கொடுத்து வாங்கியது. மோனாலிசாவை உலகமே அறியும். ஸ்ரீபுரந்தான் நடராசரை அந்த ஊர் மட்டுமே அறியும். திருடர்களுக்கு அதுதான் வசதி.

அந்த ஆண்டுதான் சிலைகளைப் பாதுகாப்பு மையத்துக்கு மாற்றும் பேச்சு ஊரில் எழுந்தது. எங்கள் சாமியைத் தரமாட்டோம் என்று ஊர்மக்கள் உறுதியாக நின்றார்கள். அந்த உறுதியை நான் மதிக்கிறேன். பூட்டிய கோயிலானாலும் அது அவர்கள் சாமி. பிறகு கதவைத் திறந்து பார்த்தபோது உள்ளே திருமேனிகள் இல்லை. எத்தனை மாதம், எத்தனை மார்கழி, காலியான கருவறையின் பக்கம் திரும்பிக் கைகூப்பிவிட்டுப் போனார்களோ.

வழக்கைத் திருப்பியது ஒரு பழைய புகைப்படம். பாண்டிச்சேரியிலுள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தார் பல ஆண்டுகளாகத் தமிழ்நாட்டுக் கோயில்களுக்குப் போய்த் திருமேனிகளைப் படமெடுத்து வைத்திருந்தார்கள். கான்பெராவில் இருந்த நடராசரையும் அந்தப் படத்தில் இருந்த நடராசரையும் பக்கத்தில் வைத்தபோது இரண்டும் ஒன்றே என்பது தெளிவானது. கபூர் 2011இல் ஜெர்மனியில் கைதாகி, மறு ஆண்டு இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டார். 2022 நவம்பரில் சிலைக் கடத்தல் வழக்கு ஒன்றில் கும்பகோணம் நீதிமன்றம் அவருக்குப் பத்தாண்டுச் சிறைத் தண்டனை விதித்தது. நடராசரை 2014 செப்டம்பரில் ஆஸ்திரேலியப் பிரதமர் தில்லிக்கு வந்து ஒப்படைத்தார்.

அந்தப் படங்களை எடுத்தவர்கள் களவைத் தடுக்க நினைத்து எடுக்கவில்லை, கோயில் கலையை ஆராய எடுத்தார்கள். ஒரு தடவை ஒருவர் கேமராவோடு அந்த ஊருக்குப் போய், கதவைத் திறக்கச் சொல்லி, வெளிச்சத்தைச் சரிசெய்து, பொறுமையாக ஒரு படம் எடுத்திருக்கிறார். அது இல்லையென்றால் நடராசர் எங்கிருந்து போனார் என்று மெய்ப்பிக்க நம்மிடம் எதுவுமே இருந்திருக்காது. அப்படி யாரும் போகாத ஊர்கள், பூட்டிய கோயில்கள், ஒரு படம்கூட இல்லாத திருமேனிகள் தமிழ்நாட்டில் இன்னும் இருக்கின்றன.